தலைவர் சுட்ட மான்

இரண்டாவது குண்டுக்கும் மான் விழவில்லை. தலையைத் திருப்பி ஆர்லோ டோர்விக்கைப் பார்த்து வாலை ஆட்டியது.

பதினோரு வருஷமாக ஒரு மான்கூடச் சிக்காத மனிதருக்கு எட்டுக் கிளைக் கொம்போடு ஒன்று சோளக்காட்டோரம் நின்றால் கை சும்மா இருக்குமா? பிக்கப்பை ஓரங்கட்டி, இறங்கி, சாலையில் நின்றபடியே சுட்டுவிட்டார். வால் ஒரே சீராக ஆடுவதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அது பேட்டரி வால்! சாலையிலிருந்து சுடுகிற திருட்டு வேட்டைக்காரர்களைப் பிடிக்க வனக்காவல் துறை நிறுத்திவைக்கும் பொம்மை மான். அதை வாங்கிக் கொடுத்ததே 'பொறுப்பான வேட்டைக்காரர் சங்கம்'. சங்கத்தின் தலைவர் சாட்சாத் ஆர்லோ.

போதாக்குறைக்கு, சனிக்கிழமைதோறும் புதிதாகத் துப்பாக்கி தூக்குகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பவரும் அவரே. சாலையிலிருந்து சுடாதே என்பதுதான் முதல் பாடம். போன வருஷம் அந்தத் தப்பைச் செய்த ஒருவரை, அழ அழ, சங்கத்தை விட்டே தூக்கியவர். இப்போது விஷயம் வெளியே வந்தால் வகுப்பு போச்சு. வகுப்பில்லாத சனிக்கிழமையை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது.

சுற்றிலும் பார்த்தார். புதருக்குள் ஒளிந்திருக்க வேண்டிய அதிகாரியைக் காணோம். ஓட்டைகளை அடைத்து, யாருக்கும் தெரியாமல் திருப்பி நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. மானைப் பிக்கப்பில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடினார். நாலு கால்களும் விறைப்பாக வெளியே நீட்டிக்கொண்டன.

ஓட்டையடைக்கும் பசை வாங்கப் பெட்ரோல் பங்கில் நிறுத்தியதுதான் வினை.

"அடேயப்பா! தலைவருக்கே மான் கெடச்சிருச்சா?" கல்லாவில் இருந்த லோர்னா கத்தினாள்.

"சின்னதுதான்" என்றார் ஆர்லோ, வாய் குழறி.

"காலே இந்த நீளம் இருக்கு, சின்னதாம்! ஊருக்கே சொல்றேன் இருங்க."

சொன்னாள். அவர் கராஜுக்குள் ஒரு ஓட்டையை அடைத்து முடிப்பதற்குள் வாசலில் பீர் பெட்டியோடு கமிட்டி ஆட்கள் மூன்று பேர். முன்னால் கறிக்கடை கஸ்.

"தலைவரே, மானைக் காட்டும்யா!"

ஆர்லோ கராஜ் கதவை முதுகால் அடைத்துக்கொண்டு நின்றார். "வெட்டக் கொடுத்தாச்சு."

"யார்கிட்ட? இந்த ஊர்ல மான் வெட்டுறது நான் ஒருத்தன்தானே?"

"வெட்டன்னா... உணவு வங்கிக்குத் தானமாக் கொடுத்துட்டேன். முழுசா."

கஸ் தொப்பியைக் கழற்றிவிட்டார். "பதினோரு வருஷம் கழிச்சுக் கெடச்ச மான். ஒரு துண்டு வாயில வைக்காம ஏழைங்களுக்கா? மனுஷன்யா நீரு! இன்னிக்கு நம்ம சங்க விருந்துல உமக்குக் கேடயம் கொடுத்தே ஆகணும்."

"அதெல்லாம் வேணாம்ப்பா."

"பாத்தீங்களாடா அடக்கத்தை!"

உணவு வங்கி அம்மாள் கையாலேயே கேடயம் கொடுப்பது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. வராத மானுக்கு அந்த அம்மாள் மேடையில் என்ன சொல்வாள் என்று நினைத்ததும் ஆர்லோவுக்குத் தலை சுற்றியது.

அவர்கள் போனதும் மனைவி மாவிஸ் கராஜைத் திறந்து பார்த்தாள். மான் அவளுக்கும் வாலாட்டியது.

"ஏங்க, காலையிலேருந்து திருட்டு, பொய், தானம்னு மூணு பாவம் பண்ணிருக்கீங்க."

"தானம் எப்படிடி பாவமாகும்?"

"கொடுக்காத தானம்! மேடையேறி உண்மையைச் சொல்லிருங்க."

"சொன்னா வகுப்பு போயிரும் மாவிஸ்."

"சொல்லலேன்னா அந்த வகுப்புல எந்த மூஞ்சியோட நிப்பீங்க?"

ஆர்லோ பசையை மூடி வைத்தார்.

சாயங்காலம் சங்கக் கூடம் முழுக்க ஆரஞ்சுத் தொப்பிகள். மேடையில் கமிட்டியின் ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கீழே முன்வரிசையில் வனக்காவல் அதிகாரி ரெனாட்டா பொரித்த மீனைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உணவு வங்கி அம்மாள் வாயைத் திறக்கும் முன் ஆர்லோ மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"நான் சுட்டது மான் இல்ல. நம்ம பொம்மை. சாலையில நின்னு, ரெண்டு தடவை சுட்டேன். யாருக்கும் தானம் கொடுக்கல, அது என் கராஜ்ல கெடக்கு. தலைவர் பதவி, சனிக்கிழமை வகுப்பு, ரெண்டையும்..." மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ரெண்டையும் விட்டுடறேன்."

மேடையில் இருந்தவர்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை. கஸ் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் இவர்களுக்கும் தலைகுனிவு என்று ஆர்லோ வெந்துபோனார்.

ரெனாட்டா கையைத் துடைத்துக்கொண்டு, அபராதச் சீட்டுப் புத்தகத்தோடு எழுந்தாள்.

"நீங்க சுட்டப்போ நான் ஏன் அங்க இல்லைன்னு யோசிச்சீங்களா, தலைவரே? உங்களுக்குப் பின்னால உக்காந்திருக்காங்களே, அந்த ஆறு பேரும் இதே பொம்மையைச் சுட்டதுக்கு அபராதம் எழுதி எழுதியே புத்தகம் தீந்துபோச்சு, புதுசு எடுக்கப் போயிருந்தேன். 'தலைவருக்கு மட்டும் தெரியவேணாம், சங்கத்தை விட்டே தூக்கிருவாரு'ன்னு ஆறு பேரும் தனித்தனியா என் கால்ல விழுந்தாங்க!"