கொல்லிப் பண்ணில் ஒரு முழக்கம்

இறைவனைப் பாடிப் பழகிய தொண்டைக்கு அவசரம் தெரியாது. கேட்பவர் எழுந்து போய்விடமாட்டார் என்னும் நம்பிக்கையிலேயே அது வளர்கிறது. அத்தகைய தொண்டையைத் தொழிற்சாலை வாயிலில் நிறுத்தினால் என்ன நேரும் என்பதை, திருவொற்றியூர் வட்டாரத்தில் என்னைவிட விரிவாக எடுத்துரைக்கத்தக்கவர் எவருமிலர்.

நான் பணி ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு அது. விம்கோ நகரை அடுத்த ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். எங்கள் கேன்டீனில் ஒப்பந்த ஊழியராகச் சமைத்துவந்த கன்னியம்மாள் சங்கத்தில் சேர்ந்தார். சேர்ந்த மறுவாரமே, வரவேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் நிறுத்திவிட்டார். அவரை உள்ளே விடக்கூடாதென்று வாயிற்காவலருக்கும் உத்தரவு. மாதம் ஒருமுறை மட்டுமே வரும் இயக்குநரின் காரை வாயிலில் மறித்து, மனுவை அவர் கையிலேயே கொடுப்பதென்று சங்கம் முடிவு செய்தது. அன்று தவறினால் கேன்டீன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு, கன்னியம்மாளின் அடுப்படியில் வேறொருவர் நின்றுவிடுவார்.

முழக்கம் எழுப்புவதில் வல்லவர் எங்கள் செயலாளர் எத்திராஜ். முதல் நாள் காசிமேட்டுக் கூட்டத்தில் பேசியதில் அவர் தொண்டை முற்றிலும் அடைத்துவிட்டது.

"பெருசு, நீ கோயில்ல பாடுனா தேரடி வரிக்கும் கேக்குது. இன்னிக்கு நீயே கோஷம் போட்டுடு" என்று வெறும் காற்றாகப் பேசினார்.

"எனக்குப் பழக்கமில்லையேப்பா."

"இன்னா பயக்கம்? நீ ஒண்ணு சொல்ற, நாங்க திருப்பிச் சொல்றோம். அவ்ளோதான்."

இதைத்தானே ஆண்டுக்கணக்காகக் கோயிலில் தேவாரம் பாடுகையில் செய்துவருகிறேன் என்று எண்ணினேன். (அழிவு அங்கே தொடங்கிற்று.) கார் வருவதற்குள் பத்து முழக்கங்கள் இயற்றினேன். பதிகம் என்றால் முடிவில் பலன் சொல்ல வேண்டுமே. ஆகவே பதினொன்றாவதாக, 'இப்பத்தும் முழங்க வல்லார் போனஸ் பெற்று வாழ்வாரே' என்றும் ஒன்றைச் சேர்த்தேன். இரங்கிக் கேட்பதற்கு ஏற்றதென்று கொல்லிப் பண்ணையும் தேர்ந்துகொண்டேன்.

வளைவில் கார் தெரிந்ததும் எத்திராஜ் கையசைத்தார். நான் வழக்கப்படி கண்களை மூடினேன். 'வேலை கொடு' என்பதே முதல் முழக்கம். 'வே' என்னும் ஓரெழுத்தை ஏற்றி இறக்கி நான் 'லை'யைச் சென்றடைவதற்குள் துறைமுகத்தில் ஒரு கப்பலையே காலி செய்திருக்கலாம். தோழர்களில் பாதிப்பேர் மார்கழி விடியலில் என் பின்னால் பாடிவருபவர்கள். பண் பிசகாமல் திருப்பிப் பாடினர். ஒருவர் தொடையில் தாளமும் போட்டார். எனக்குக் கண்ணீர் பெருகிற்று. ஹாரன் ஒலித்தது, அதைச் சங்கொலியாகவே என் செவி ஏற்றது.

மூன்றாம் முழக்கத்தின் நடுவில் தோளில் ஓர் அடி விழுந்தது. எத்திராஜ்.

"யோவ் பெருசு, கண்ணத் தொற. கார் உள்ள பூடுச்சு."

திறந்தேன். வாயிற்கதவு சாத்தியிருந்தது. சாமி புறப்பாட்டுக்கு வழிவிடுவதுபோல் தோழர்கள் இருமருங்கும் ஒதுங்கி, கைகூப்பி நின்றிருந்தனர். மனுவோடு நடுவில் நின்ற கன்னியம்மாளையும் யாரோ பரிவுடன் ஓரத்துக்கு அழைத்துவந்திருந்தார்.

"நல்லாத்தான் பாடினே சாமி" என்றார் கன்னியம்மாள். "என் வேலைக்குக் கருமாதிப் பாட்டு."

"இன்னும் எட்டு இருக்கும்மா" என்றேன். (அதை ஆறுதல் என்று கருதினேன்.)

அப்போது சிறுகதவைத் திறந்துகொண்டு காவலர் வந்தார். கையில் ஒரு தட்டு. அதில் ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாள்.

"சாமி, ஐயா காணிக்கை குடுத்தனுப்பினாரு. எந்தக் கோயில் உற்சவம்னு கேட்டாரு. விபூதி இருந்தா வாங்கியாரச் சொன்னாரு."

எத்திராஜ் தலையில் கைவைத்துச் சாலையிலேயே அமர்ந்துவிட்டார். விபூதிப் பை என் இடுப்பில் இல்லாத நாளில்லை. ஆனால் அன்று அதை அவிழ்க்கக் கை எழவில்லை. கன்னியம்மாள்தான் கை நீட்டினார்.

"குடு சாமி. நானே எட்துனு போறேன்."

"உன்ன உள்ள வுடக்கூடாதுன்னு ஆர்டர்மா" என்றார் காவலர்.

"என்னத்தானே வுடக்கூடாது, விபூதிய வுடலாம்ல? தடுத்தேன்னு உங்க ஐயாவாண்ட நீயே போய் சொல்லிக்க."

சைவத்தில் இதற்கு மறுப்பில்லை. காவலர் விலகினார். பணத்தை எடுக்காமல், அதன்மேல் மனுவையும் அதற்கும் மேல் விபூதியையும் வைத்து, தட்டைத் தலைக்கு மேல் ஏந்தியபடி கன்னியம்மாள் உள்ளே போனார்.

பிறகு நடந்ததை அவரே சொன்னார். இயக்குநர் காலணியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று, நெற்றி நிறையப் பூசிக்கொண்டாராம். அதன் பிறகே எந்தக் கோயில் என்று கேட்டிருக்கிறார்.

"கோயில் இல்ல நைனா, கேன்டீன். சங்கத்துல சேந்தேன்னு என்ன வேலய வுட்டுத் தூக்கிட்டாங்க. பட்டையப் போட்டுக்கினு சொல்லு, இது நாயமா?"

அந்த நெற்றியோடு அவரால் ஆம் என்று சொல்ல இயலவில்லை. ஒப்பந்தக்காரரை அங்கேயே வரவழைத்தார். மறுநாள் காலை கேன்டீனில் உப்புமா கிளறியவர் கன்னியம்மாள்தான். எனக்கு மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாக வைத்து, "துன்னு சாமி, துன்னுகினு இருந்தா பாட மாட்டே" என்றார்.

இனி என் கையில் மைக் தரலாகாது என்று அந்த மாதச் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறிற்று. எதிர்ப்பின்றி நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுவே; நானும் கை உயர்த்தினேன்.

வீட்டில் தீர்மானம் ஏதுமில்லை. பூசையறையில் நான் ஒரு பண்ணைச் சற்றே விரித்தால், சமையலறையிலிருந்து என் மனைவி, "ஏங்க, கார் உள்ள போயிடுச்சு" என்பாள். உடனே தீபாராதனை காட்டிவிடுவேன். சென்ற கார்த்திகையில், பேசத் தொடங்கிச் சில மாதங்களேயான என் பேத்தி, நான் வாய் திறந்ததும் கைகூப்பி, "தாத்தா, காரு" என்றாள். கற்பூரத்தை ஏற்றிவிட்டேன்.