பச்சைப் பிளாஸ்க்கும் சிவப்புப் பூவும்

இனிமேல் நான் தண்ணீர் குடிப்பவன்! சும்மா இல்லை, ஊரே பார்க்கக் குடிப்பவன்! ஆஸ்பத்திரி வாசலில் நின்று இந்த முடிவை நான் எடுத்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது.

உள்ளே டாக்டர் ஸ்கேன் படத்தைத் தூக்கிக் காட்டியிருந்தார். "பாங், இதோ பாருங்க, சிறுநீரகத்துல கல்லு. சின்னதுதான். தண்ணி நிறையக் குடிச்சா தானாப் போயிடும். பீரையும் மட்டிச் சிப்பியையும் விடலைன்னா, அப்புறம் கத்திதான்."

சீனாவிலேயே பீருக்குப் பேர்போன சிங்தாவ் நகரத்தில் பிறந்தவனிடம் பேசுகிற பேச்சா இது! எங்கள் தெரு முனையில் பீப்பாயைத் திறந்து, பாலிதீன் பையில் பீர் பிடித்து, கத்தரிக்காய் மாதிரி எடை போட்டுத் தருவார்கள். அதை விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து, காரமாக வதக்கிய மட்டியோடு உட்கார்ந்தால்... சரி, விடுங்கள். எச்சில் ஊறுகிறது.

என் மனைவி ஷூச்சின் ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"கேட்டீங்கல்ல? இனிமே சுடுதண்ணிதான்."

"வெந்நி எனக்கு உள்ள இறங்காதும்மா."

"ஓடு ஓடா மட்டி இறங்கின தொண்டைதானே? இறங்கும்."

"நடுவுல ஒரே ஒரு வாய் பீர்..."

"ஒரு தடவை வாடை வரட்டும்! எங்கம்மாவை வரச்சொல்லி உங்க பக்கத்துலயே நாற்காலி போட்டு உட்கார வச்சிடுறேன்."

மாமியார் நெசவாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். அவர் முறைத்தால் தறியே நின்றுவிடும் என்பார்கள். நான் எம்மாத்திரம்? அந்த நிமிஷமே சுடுதண்ணீர் பக்தனாக மாறினேன்.

ஷூச்சின் ஒரே மாதிரி இரண்டு பச்சை நிற எஃகுப் பிளாஸ்க் வாங்கினாள். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. காலையில் கொதிக்கக் கொதிக்க நிரப்பிக் கொடுப்பாள். எங்கள் குடியிருப்பில் என் வயசுக்காரர்கள் எல்லோர் கையிலும் இப்படி ஒன்று இருக்கும். மூடியைத் திறந்தால் குப்பென்று ஆவி வரும், ஊதி ஊதிக் குடிப்பார்கள்.

அந்தப் பிளாஸ்க்கைப் பார்த்ததும் எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை! எஃகு. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. சூட்டைக் காப்பாற்றுகிற பிளாஸ்க் குளிர்ச்சியையும் காப்பாற்றும்தானே? என் மூளையை நானே தட்டிக்கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து உலா போகிறேன் என்று கிளம்புவேன். வெந்நீரை வாசல் மூலையில் இருந்த செடிக்கு ஊற்றுவேன். (பாவம், செத்துப்போயிற்று.) தெரு முனைக்குப் போய்ப் பிளாஸ்க் நிறைய ஜில்லென்று பீர் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்து, உஃபூ உஃபூ என்று ஊதி ஊதிக் குடிப்பேன். நடிப்பு என்றால் அதுதான் நடிப்பு! வாடைக்கு வெங்காயத்தாள். எங்கள் ஊரில் அதைப் பச்சையாகக் கடித்துக்கொண்டு திரிந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஒரே ஒரு குறை. மதியம் ஒரு குட்டித்தூக்கம் போட்டு எழுந்து பார்த்தால் பிளாஸ்க்கில் பாதிதான் இருக்கும். நுரை அடங்கினால் குறையத்தான் செய்யும். இதெல்லாம் குடிக்கிறவனுக்குத்தான் புரியும்.

ஷூச்சினுக்கோ பெருமை தாங்கவில்லை. மாடி மாடியாக ஏறிச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் பிளாஸ்க்கைக் கீழ வைக்கிறதே இல்ல! முகத்துல ஒரு சிவப்பு வந்திருக்கு பாருங்க!" சிவப்பு வராமல் என்ன செய்யும்?

குடியிருப்புக் குழுத் தலைவி தோங் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பாங் அண்ணே, இந்த வருஷம் தண்ணீர் முன்னோடி நீங்கதான்! மேடையில சிவப்புப் பூ குத்தப் போறோம்!"

"ஐயோ, நானா? அந்த அளவுக்கு நான்..."

"கூச்சப்படுறார்" என்றாள் ஷூச்சின். "வந்திடுவார்."

பூ குத்துவார்கள், கை தட்டுவார்கள், இறங்கி வந்துவிடலாம் என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது. விழா நாளன்றும் வழக்கம்போல் பிளாஸ்க்கை நிரப்பிக்கொண்டு வந்தேன். வெற்றியைக் கொண்டாட வேண்டாமா?

"அதை இப்படிக் குடுங்க, இடுக்கிக்கிட்டுப் போனா புதுச்சட்டை கசங்கிடும்" என்று ஷூச்சின் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

கூடம் நிறையக் கூட்டம். என் நெஞ்சில் முட்டைகோஸ் அளவுக்கு ஒரு சிவப்புப் பட்டுப்பூ! மலை மாதிரி நிமிர்ந்து நின்றேன். அப்போது தோங் அம்மா ஒலிபெருக்கியில் சொன்னார்: "நம்ம முன்னோடி இப்ப தன் பிளாஸ்க்லேர்ந்து கிண்ணத்துல ஊத்தி, எல்லார் ஆரோக்கியத்துக்காகவும் ஒரே மூச்சுல குடிப்பார்!"

தொலைந்தேன்! ஊற்றினால் ஆவி வராது. நுரை வரும்! வாடை முதல் வரிசைக்குப் போகும். ராத்திரிக்குள் மாமியார் நாற்காலியில் இருப்பார்!

"எனக்கு... எனக்குத் தாகமே இல்லீங்க" என்றேன்.

"முன்னோடிக்குத் தாகம் இல்லையாம்!" கூடமே சிரித்தது.

ஷூச்சின் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து மேடைக்கு நீட்டினாள். "சும்மா ஊத்துங்க, பயப்படாதீங்க."

கண்ணை மூடிக்கொண்டு மூடியைத் திருகினேன். குப்!

ஆவி! கண்ணைத் திறந்தேன். வெள்ளை வெளேரென்று ஆவி! ஊற்றினேன், தெளிந்த வெந்நீர். கும்பிடத் தோன்றியது. அந்தச் சந்தோஷத்தில் ஒரே மூச்சில் குடித்துத் தொலைத்தேன். நாக்கு, மேலண்ணம், தொண்டை எல்லாம் வெந்தது. கண்ணில் நீர் கொட்டியது. "பாருங்க, நெகிழ்ந்துட்டார்!" என்று தோங் அம்மா கை தட்டினார். இன்னொரு கிண்ணம் என்று கூட்டம் கத்தியது. பிளாஸ்க் காலியாகும்வரை விடவில்லை.

அப்புறம் பரிசு. பெரிய கண்ணாடிக் குடுவை. மேலே சிவப்பு எழுத்தில் 'தண்ணீர் முன்னோடி பாங்'.

"இனி தினமும் கீழ முற்றத்துல உட்கார்ந்து எல்லார் முன்னாடியும் இதுலதான் குடிக்கணும்" என்றார் தோங் அம்மா. "உள்ள இருக்கிறது பளிச்சுன்னு தெரியும். கண்ணாடியா குடுங்கன்னு யோசனை சொன்னதே உங்க வீட்டம்மாதான்!"

குடுவையைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து ஷூச்சின் பக்கத்தில் விழுந்தேன். அவள் தன் பச்சைப் பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் ஊற்றி, நிதானமாக உறிஞ்சினாள். ஆவி வரவில்லை. மேலுதட்டில் வெள்ளையாக ஒரு கோடு.

"அடிப்பாவி! அது என்னோடது!"

"உஷ்! கத்தாதீங்க, பூ விழுந்துடப்போகுது. டாக்டர் வேண்டாம்னது உங்களுக்குத்தானே?"

"எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?"

அவள் பையிலிருந்து ஒரு வெங்காயத்தாளை எடுத்து நறுக்கென்று கடித்தாள்.

"தினமும் நீங்க தூங்கி எழுந்தா பாதி குறைஞ்சிருந்துச்சே, நுரைன்னா நினைச்சீங்க?"