வைபிக்கு நோட்டீஸ் கொடுத்த சம்மன் அண்ணன்

எங்கள் ஊரான பாச்சாங்கில் சம்மன் அண்ணனிடமிருந்து தப்பித்தவர் எவருமில்லை. கோர்ட் சம்மனை உரியவர் கையில் சேர்ப்பது அவர் வேலை. சொந்த மைத்துனருக்கே கல்யாணப் பந்தியில், பாயசம் முடியும்வரை காத்திருந்து கொடுத்தார். "சாப்பாட்டுக்கு முன்னாடி குடுத்தா பாவம்லா" என்றார்.

ஓய்வு பெற்றபின் ஒரு தேர்தலில், எங்கள் தொகுதி வேட்பாளருக்காக வீடு வீடாக ஏறி இறங்கினார். ஆள் ஜெயித்துச் சட்டமன்றம் போனார், வைபி ஆனார்; சட்டமன்ற உறுப்பினரை இங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவோம். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, வேறு கட்சிக்குத் தாவிவிட்டார்.

மறுநாள் காலை நான் குருபோங் தொழிற்சாலைக்குக் கிளம்பும்போது, வீட்டு கேட் அருகே அண்ணன் நின்றார். கையில் பெயர்ப் பட்டியல்.

"தம்பி, இந்த ஆளுக்கு ஓட்டுப் போடச் சொன்னது நான்தான். மன்னிச்சிரு. இங்க ஒரு கையெழுத்துப் போடு."

"கையெழுத்து எதுக்குண்ணே?"

"மன்னிப்புக் கேட்டதுக்கு சாட்சி வேணும்ல."

நூற்றுச் சொச்சம் வீடுகளில் இப்படிக் கேட்டார். சில வீடுகளில் திட்டும் வாங்கினார். பிறகு ஒரு லாயரைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன்.

"கட்சி மாறினா பதவி போகும்னு இப்ப சட்டம் இல்லண்ணே. கேஸ் நிக்காது" என்றார் லாயர்.

"அப்ப நான் மட்டும் மன்னிப்புக் கேட்டுட்டே திரியணுமா?"



அண்ணனே ஒரு நோட்டீஸ் எழுதினார். தொகுதி மக்களிடம் நேரில் விளக்கம் சொல்லுங்கள், இல்லையென்றால் பதவி விலகி மறுபடி ஓட்டுக் கேளுங்கள் என்று இரண்டே வரி. புக்கிட் காத்தில் என்ற இடத்திலிருந்த வைபியின் சேவை மையத்துக்கு நேரில் கொடுக்கப் போனார்; நாலு முறையும் "வைபி இல்ல" என்றார்கள். ஐந்தாம் முறை ஒரு சலூனில் ஆள் மாட்டினார். கழுத்தில் துணி, பாதி வெட்டிய தலை. எழுந்து ஓடவும் வழியில்லை.

"அண்ணே, சட்டப்படி நான் எந்தத் தப்பும் பண்ணல."

"தெரியும் வைபி. அதனாலதான் கோர்ட்டுக்குப் போகாம சலூனுக்கு வந்தேன்."

துணிக்கு அடியிலிருந்து ஒரு கை மெல்ல வெளியே வந்து நோட்டீஸை வாங்கிக்கொண்டது. விளக்கம் மட்டும் கடைசிவரை வரவில்லை.

சில காலம் கழித்து, கட்சி தாவினால் தொகுதி காலியாகும் என்று சட்டம் வந்தது. பேப்பரோடு ஓடினேன். அண்ணன் இரண்டு முறை படித்தார்.

"முன்னாடியே தாவினவங்களுக்கு இது இல்ல தம்பி. நம்மாளு தப்பிச்சிட்டாரு. இனிமே வர்றவங்க யோசிப்பாங்க, அது போதும்."

அடுத்த தேர்தலில் அண்ணன் எந்த வீட்டுப் படியும் ஏறவில்லை. நானாகப் போய், யாருக்குப் போடலாம் என்று கேட்டேன்.

"நீயே யோசிச்சுப் போடு" என்றார்.

அவர் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால், மறுபேச்சில்லாமல் போட்டிருப்பேன்.