ஃபர்ஸ்ட் கியருக்கு ஓர் ஆரத்தி

காரைக்காலிலேயே மிக மெதுவாகக் கார் ஓட்டியவர் யார் என்று கேட்டால் ஒரே ஒரு பெயர்தான் சொல்வேன். மிக வேகமாக ஓட்ட ஆசைப்பட்டவர் யார் என்று கேட்டாலும் அதே பெயர்தான். ஃபர்ஸ்ட் கியர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இல்லாமலா இருக்கும்? ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். அவர் சம்சாரமே கடைத்தெருவில், "எங்க ஃபர்ஸ்ட் கியரு இந்தப் பக்கம் வந்துச்சா?" என்று விசாரித்ததை என் காதால் கேட்டிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் அரசாங்க வேலை கிடைத்து அந்த ஊருக்குப் போனபோது, ஒரு ரைஸ்மில்காரரின் கார் ஷெட்டுக்கு மேலே எனக்கு அறை. கீழே யானைக்குட்டி மாதிரி கறுப்பாக ஒரு வெளிநாட்டுக் கார். ராஜாக்களுக்கும் மந்திரிகளுக்கும் கார் செய்து கொடுத்த கம்பெனி அது. எந்த ஜமீன் வீட்டிலிருந்தோ வாங்கி வந்த மில்காரர் அதில் ஏறி நான் பார்த்ததில்லை. பெட்ரோலுக்குப் பயந்து ரிக்‌ஷாவில் போவார். மாப்பிள்ளை அழைப்புக்கு மட்டும் வாடகைக்கு விடுவார். அதை ஓட்டுகிற பாக்கியம் நம் ஃபர்ஸ்ட் கியருக்கு.

மாப்பிள்ளை அழைப்பில் காரின் வேகத்தைத் தீர்மானிப்பவர் டிரைவர் இல்லை, முன்னால் நடக்கிற தவில்காரர். அவர் நடந்தால் கார் நகரும். நாயனக்காரர் முச்சந்தியில் நின்று ஒரு ராகத்தைப் பிடித்தால் கார் நின்று கொதிக்கும். ஒரு கால் கிளட்சில், ஒரு கால் பிரேக்கில், தலையில் தொப்பியும் நெற்றியெல்லாம் வியர்வையுமாக உட்கார்ந்திருப்பார் மனிதர். "கல்யாணின்னா ஒரு குடம் தண்ணி ஊத்தணும் தம்பி. தோடின்னா ரெண்டு குடம். இன்னிக்குப் பாவி மனுசன் தோடியத் தொட்டுட்டான்" என்பார். சங்கீதத்தை ரேடியேட்டரால் அளந்த ஒரே ரசிகர் அவர்தான்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தெருக்களில் மாப்பிள்ளை பின்சீட்டில் உட்கார்ந்து வரக்கூடாது. முன்சீட்டில், டிரைவருக்கு இடப்பக்கம், கண்ணாடியை இறக்கிவிட்டு வர வேண்டும். ஊரே பார்க்க வேண்டாமா? மண்டப வாசலில் பெண் வீட்டார் நேராக இடப்பக்கக் கதவுக்கு வந்து ஆரத்தி சுற்றுவார்கள். ஆண்டாண்டாக அப்படித்தான்.

முகூர்த்தம் இல்லாத நாட்களில்தான் ஃபர்ஸ்ட் கியரின் நிஜமான ஓட்டம். ஷெட்டுக்குள் நிற்கிற காரில், எஞ்சினைப் போடாமலே, வாயால் உறுமிக்கொண்டு ஓட்டுவார். மேலே என் தூக்கம் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பொறுக்க முடியாமல் இறங்கிப் போனேன்.

"என்னண்ணே, எங்க போயிட்டு வர்றீங்க?"

"நெடுங்காடு வரைக்கும்தான். நல்லா டாப்புல வந்துக்கிட்டிருந்தேன், வளைவுல ஒரு எரும குறுக்க வந்துடுச்சு. சடன் பிரேக்கு."

"எருமைக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ச்சே ச்சே, நம்ம கண்ட்ரோலு அப்படி!"

நிஜத்தில் அவர் வேகமாகப் போனது ஒரே தடவைதான், சைக்கிளில். நெடுங்காட்டில் ஒரு மாரியம்மன் கோயிலில் அவர் கல்யாணம் அவசரமாக முடிந்ததாம். மேளமும் கிடையாது, ஊர்வலமும் கிடையாது. புதுப் பெண்சாதியைப் பின்னால் வைத்துக்கொண்டு மழைக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தாராம். அதைச் சொல்லும்போது மட்டும் வாயால் எஞ்சின் சத்தம் போட மாட்டார்.

அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. "இந்தப் பெரிய காரெல்லாம் யாருக்குச் செஞ்சிருக்கான்? உக்கார்ந்து வர்றவனுக்கு. பின்னாடி பாருங்க, மெத்த. நம்ம சீட்டப் பாருங்க, சாக்கு. ஓட்டுறவனும் மனுசன்தானேன்னு ஒரு கம்பெனிக்காரனாச்சும் நெனச்சானா?" ஸ்பிரிங் பிய்ந்த அந்தச் சீட்டில் நானும் ஒரு தரம் உட்கார்ந்து பார்த்தேன். அன்று முழுக்க ஆபீசில் நின்றுகொண்டே வேலை பார்த்தேன்.

எண்பதுகளில் ஒரு வருஷம், பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த முசே ஒருவர் டீக்கடைக்கு ஒரு வழவழப்பான பத்திரிகையைக் கொண்டுவந்தார். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்களை நாங்கள் மரியாதையாக முசே என்போம். இவர் அங்கே பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். படத்தைக் காட்டிச் சொன்னார்:

"மில்காரர் வச்சிருக்காரே, அதே கம்பெனி. இப்ப சின்னதா ஒரு கார் விடுறான். வெலையும் அவன் மத்த காரவிடக் கம்மி. தானே ஓட்டணும்னு ஆசப்படுறவங்களுக்காகச் செஞ்சதுன்னு போட்டிருக்கான்."

டீக்கடையே சிரித்தது. கம்பெனி நொடித்துப் போய்விட்டதா என்று ஒருவர் கவலைப்பட்டார். மில்காரருக்கோ ரத்தக் கொதிப்பே வந்துவிட்டது. "என் கார் கம்பெனி கண்டவனுக்கெல்லாம் கார் விக்கப் போறானா? இனிமே எனக்கென்ன மரியாத?" என்று, கம்பெனி தன்னைக் கேட்காமல் செய்துவிட்ட மாதிரி குதித்தார்.

ஃபர்ஸ்ட் கியர் மட்டும் சிரிக்கவில்லை. "முசே, கடைசியா ஒண்ணு படிச்சீங்களே, அத இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"ஓட்டுறவங்களுக்காகச் செஞ்ச காரு."

"அப்படியா போட்டிருக்கான்? அச்சுலயா?"

அச்சில்தான். படத்தைக் கேட்டு வாங்கிப்போய் ஷெட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். காலையில் ஊதுவத்தி இரண்டுக்கும் பொது. ஒருமுறை அந்தக் காரைத் தொட்டு ஓட்டிவிட்டால் போதும் என்று என்னிடம் எத்தனை தரம் சொன்னார் என்பதற்குக் கணக்கே இல்லை.

இரண்டொரு வருஷத்தில் அந்தக் காரே வந்துவிட்டது! முசே தன் மகன் கல்யாணத்துக்காகக் கப்பலில் ஏற்றி, சென்னையில் இறக்கிக் கொண்டுவந்தார். வந்த மறுநாளே பிரான்ஸ் ஞாபகத்தில் ரோட்டின் வலது பக்கமாகவே போய், எதிரே வந்த வைக்கோல் வண்டியை வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டார். மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, முசேவுக்குத்தான் நடுக்கம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஓட்ட ஃபர்ஸ்ட் கியரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மில்காரர் காதுக்கு அது எட்டியது. "என் பெரிய கார் இருக்கையில அந்தத் தகர டப்பாவ ஓட்டப் போறியா? போ. ஆனா திரும்பி என் ஷெட்டு வாசப்படி மிதிக்காத" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஃபர்ஸ்ட் கியருக்கு அந்தச் சம்பளத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

"அண்ணே, யோசிச்சுக்குங்க. ஒரு சாயங்காலத்துக்காக வேலையப் போக்கிக்கிறதா?"

"யோசிச்சாச்சு தம்பி. நீங்க ஒரு குடம் தண்ணியோட பின்சீட்டுல வந்துடுங்க. புதுக் காருன்னாலும் தோடிய நம்ப முடியாது."

அப்படித்தான் பட்டுச்சட்டைக் கூட்டத்தில் நான் குடத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கார் கொதிக்கவேயில்லை, பூனை மாதிரி போயிற்று. ஆனால் கொடுமையைப் பாருங்கள்! ஓட்டுவதற்கென்றே செய்த கார், ஆயுசு பூராவும் அதற்காக ஏங்கிய டிரைவர், வேகம் மட்டும் அதே தவில்காரர் கையில். கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் ஃபர்ஸ்ட் கியர்.

மண்டப வாசலில்தான் விபரீதம். பிரான்ஸ் கார் அல்லவா? ஸ்டீயரிங் இடது பக்கம். நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. மாப்பிள்ளை வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், டிரைவர் இடப்பக்கம். அந்தி மயங்குகிற நேரம், முன்கண்ணாடி தெரியாமல் பூச்சரம். போதாததற்கு முசே தன்னுடைய கோட்டை வேறு ஃபர்ஸ்ட் கியருக்கு மாட்டிவிட்டிருந்தார். நெரவியிலிருந்து வந்திருந்த பெண்ணின் அத்தை, வழக்கப்படி நேராக இடது கதவுக்கு வந்து தட்டைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

"மாப்ளைக்கு வயசு கொஞ்சம் கூடத் தெரியுதே?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"பிரான்ஸ் குளிருல அப்படித்தான் ஆயிடுமாம். பேசாம இரு" என்ற அத்தை, "தொப்பியக் கழட்டுங்க மாப்ள, பொட்டு வைக்கணும்" என்றாள்.

ஃபர்ஸ்ட் கியர் தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் பொட்டு விழுந்தது. நிஜ மாப்பிள்ளையாவது வாய் திறந்தாரா? பிரான்சிலேயே வளர்ந்த பையன், இதுவும் நம்மூர்ச் சடங்கு போலிருக்கிறது என்று பயபக்தியுடன் டிரைவரைக் கும்பிட்டார். ஆரத்தித் தண்ணீரை வாசலில் கொட்டின பிறகுதான் நாயனக்காரர் கவனித்துவிட்டு வாசிப்பை நிறுத்தினார். அப்புறம் கேட்க வேண்டுமா! அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாவது ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் தேடி ஆள் ஓடியது. விருந்தாளியாக வந்திருந்த மில்காரர், "பாத்தீங்களாய்யா, சின்னக் கார்ல வந்தா இதான் கதி!" என்று கூவிவிட்டு, எல்லார் முன்னாலும் ஃபர்ஸ்ட் கியரிடமிருந்து ஷெட் சாவியை வாங்கிக்கொண்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "நான் டிரைவர்னு ஒரு வார்த்த சொல்றதுக்கென்னண்ணே?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன் தம்பி." பொட்டைத் துடைக்காமலே நின்றார். "எத்தன மாப்ளைய இந்த மாதிரி வாசல்ல கொண்டாந்து எறக்கியிருக்கேன். ஒரு நாளும் அந்தத் தட்டு என் பக்கம் வந்ததில்ல. இன்னிக்கு வந்துச்சு. வேணாம்னு சொல்ல மனசு வரல." கண் கலங்கியிருந்தது. நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தேன்.

முசே நல்ல மனுசர். மறுநாள் கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் கார் சாவியை நீட்டி, "ஆரத்தி எடுத்தாச்சு, ஊர்வலம் போக வேணாமா? ஆசைக்கு ஓட்டிட்டு வாப்பா" என்றார்.

மாப்பிள்ளை உட்கார்ந்த வலப்பக்கச் சீட்டில் நானும் ஏறிக்கொண்டேன். நாகூர் ரோட்டில் திரும்பியதும் ஃபர்ஸ்ட் கியர் அழுத்தினார் பாருங்கள்! நான் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். திறந்து பார்த்தால் எல்லைச் சோதனைச் சாவடி. எங்கள் ஊர் அவ்வளவுதானே! டாப் கியருக்கு வந்து நிமிர்ந்தால் தமிழ்நாடு ஆரம்பித்துவிடும். போலீஸ்காரர் வலப்பக்க ஜன்னலுக்கு வந்து என்னை முறைத்தார்.

"இந்த வேகத்துல வர்றியே, லைசென்ஸ் எங்க?"

"நான் ஓட்டல சார்."

"நீ ஓட்டாம பின்ன யாருய்யா..." என்றவர் உள்ளே குனிந்து ஸ்டீயரிங்கைத் தேடினார். அந்தப் பக்கத்திலிருந்து ஃபர்ஸ்ட் கியர் பெருமையாகக் கையைத் தூக்கி, "நாந்தாங்க!" என்றார்.

திரும்பி வரும்போது காரை உருட்டிக்கொண்டு வந்தார். சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போயின.

"ஏண்ணே, ஆச தீந்துடுச்சா?"

"வேகமாப் போனா வீடு வந்துடும் தம்பி" என்றார்.

வேலை என்ன ஆயிற்று என்கிறீர்களா? மில்காரர் வேறு ஆளைப் போட்டார். அடுத்த முகூர்த்தத்திலேயே அந்தப் பையன் தவில்காரரின் குதிகாலில் பம்பரை வைத்துவிட்டான். தவில்காரர்கள் கூடிப் பேசி, பழைய ஆள் வராமல் அந்தக் காருக்கு முன்னால் நடப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். மில்காரரே கூப்பிட்டு அனுப்பினார். டிரைவர் சீட்டுக்குப் புது மெத்தை தைத்த பிறகுதான் ஃபர்ஸ்ட் கியர் ஏறினார்.

அதே மெத்தையில் உட்கார்ந்துதான் என் கல்யாணத்துக்கும் ஓட்டினார். மண்டப வாசலில் என் பக்கம் ஆரத்தித் தட்டு வந்தது. "முதல்ல அண்ணனுக்குச் சுத்துங்க" என்றேன். "இது என்ன கூத்து, எந்த ஊரு மொறை?" என்று என் மாமியார் வீட்டில் ஒரே சத்தம். நான் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

"வேணாம் தம்பி, நல்லாருக்காது. சொன்னாக் கேளுங்க, வேணாம்" என்றார் ஃபர்ஸ்ட் கியர். சொல்லிக்கொண்டே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.