கப்டன் குலசேகரத்தின் வடதிசைப் படையெடுப்பு

இந்தக் கோடையில் ஸ்கொட்லாந்தின் வடமுனையைத் தொடாமல் திரும்புவதில்லை என்று குலசேகரம் சபதம் எடுத்தார். அப்போது அவர் லண்டன் கிங்ஸ்பரியை விட்டு இன்னும் புறப்படவில்லை. சாரத்தோடு சோபாவில் சாய்ந்து மிக்சர் கொறித்துக்கொண்டிருந்தார்.

சபதத்துக்குக் காரணம் இயற்கை அழகு அல்ல. மனைவி கனகாம்பிகையின் தம்பி போன வருடம் ஸ்கொட்லாந்தின் தெற்கே உள்ள எடின்பரோவுக்கு ரயிலில் போய், அங்குள்ள கோட்டை மறையும்படி முன்னால் நின்று படம் எடுத்துப் போட்டிருந்தான். அவன் எடின்பரோவோடு திரும்பியவன். குலசேகரம் அதையும் தாண்டிப் போவார். அதுவும் ரயிலில் அல்ல. கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் பூட்டிய மோட்டர்ஹோமில் போவார்.

துணைக்குப் பக்கத்துத் தெருப் பத்மநாதனும் மனைவி கமலேஸ்வரியும். பத்மநாதன் பாரிஸில் வருடக்கணக்கில் கார் ஓடியவர். லண்டனுக்குக் குடிவந்த முதல் வாரமே ஒரு ரவுண்டபவுட்டை எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டு, அன்றோடு ஸ்ரேரிங்கைத் துறந்தவர். அவர் வந்தால் அவருடைய நாய் ரொனியும் வரும். நாய் என்று பெயர். அரிசி மூடையின் பருமன். அது வந்தால் தன் பூனையும் வரும் என்றாள் கனகாம்பிகை.

அவளுக்கு வேறொரு ஆசையும் இருந்தது. அது தெற்கே, நேர் எதிர்த்திசையில்.

"கோர்ன்வோலுக்குப் போவமே? கடற்கரையிலை காலை நீட்டிக்கொண்டு ரெண்டு நாள் சும்மா இருக்கலாம்."

"சும்மா இருக்கிறதுக்கு ஏன் அவ்வளவு தூரம்? இஞ்சையே சும்மா இரும்."

"இஞ்சை ஆர் என்னைச் சும்மா இருக்க விடுறது? ஒவ்வொரு வருஷமும் நீங்கள் சொல்ற இடம்தானே. உங்கட சிநேகிதற்றை வீடு குடிபூரல், உங்கட மச்சாளின்ரை மகளின்ரை கலியாணம். ஒருக்காவாவது நான் சொல்ற இடத்துக்குப் போகேலாதே?"

"இஞ்சேரும், ஸ்ரேரிங் ஆற்றை கையிலையோ, முடிவும் அவற்றை கையிலை. கப்பலெண்டாலும் அப்பிடித்தான், காரெண்டாலும் அப்பிடித்தான்."

"அது உங்கட முடிவான பேச்சே?"

"முடிவான பேச்சு."

எதிரே தேத்தண்ணியோடு இருந்தவர் பக்கம் அவள் திரும்பினாள். "பத்மநாதன் அண்ணை, கேட்டுக்கொண்டுதானே இருக்கிறியள்?"

"ஓம் தங்கச்சி, கேட்டனான்."

கனகாம்பிகை சிரித்துக்கொண்டே மிக்சர் தட்டை அவர் பக்கம் தள்ளிவைத்தாள். கொஞ்சமாவது மூளையுள்ள கணவன் அந்தச் சிரிப்புக்குப் பயந்திருப்பான். குலசேகரம் மிக்சரில் கடலை தேடினார்.

வண்டியின் அளவில்தான் அடுத்த பேச்சு. சின்னது போதும் என்றார் குலசேகரம்.

"நாலு பேர், ஒரு நாய், ஒரு பூனை. சின்னதுக்குள்ளை மூச்சுவிடேலுமே? இருக்கிறதுக்குள்ளை பெரிசை எடுப்பம். இல்லாட்டி என்ரை தம்பி நாளைக்குச் சொல்லுவான், அத்தான் ஆரிட்டையோ வான் இரவல் வாங்கிக்கொண்டு போனவர் எண்டு."

இரவல் வான்! மீசை துடித்தது.

"பெரிசையே எடும்!"

"அப்ப நானே புக் பண்ணட்டே?"

"பண்ணும், பண்ணும். அது பேப்பர் எழுதுற கிளாக்குமாற்றை வேலை. கப்டன் ஏறி இருந்தாப் போதும்."

அதன் பிறகு கப்டனைப் பிடிக்க முடியவில்லை. கறுப்புக் கண்ணாடி வாங்கினார். தோல் கையுறை வாங்கினார். தன் பொடிக் காரை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு, மலைப்பாதையில் கியர் மாற்றுவது எப்படி என்று பத்மநாதனுக்கு வகுப்பெடுத்தார். அவர் அறிந்த ஒரே மலை, ஹாரோவுக்கு ஏறும் மேடு. "அம்பிகை பயந்தவ, மரக்கறிக் கடை வரைக்கும்தான் கார் ஓடுவா" என்று பரிதாபமும் பட்டுக்கொண்டார். அதற்கு மேல் ஓடப் போனால் சாவியை ஒளித்துவைப்பவரும் அவர்தான் என்பதைச் சொல்லவில்லை.

புறப்படும் நாள் வந்தது. வாடகைக் கம்பனி முற்றத்தில் நின்ற வண்டியைப் பார்த்தால், கல்யாண மண்டபத்துக்குச் சில்லுப் பூட்டியது போலிருந்தது. குலசேகரம் கையுறையை மாட்டிக்கொண்டு லைசென்ஸை நீட்டினார். கம்பனி மேசைக்குப் பின்னால் இருந்த கீர்த்திகா என்ற பெண் அதைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"சொறி அங்கிள், நீங்கள் இதை ஓடேலாது."

"பிள்ளை, நான் நோர்த் சேர்க்குலர் றோட்டிலை மழை வெயில் பாராமல் கார் ஓடினவன்."

"அதுக்கில்லை அங்கிள். இது மூண்டரைத் தொன்னுக்கு மேலை. தொண்ணூற்றேழுக்கு முதல் லைசென்ஸ் எடுத்தாக்கள் அப்பிடியே ஓடலாம். பிறகு எடுத்தாக்கள் இன்னொரு ரெஸ்ற் செய்யோணும். நீங்கள் எடுத்தது தொண்ணூற்றொன்பதிலை."

பத்மநாதன் நேர்மையானவர். அதுதான் அவரிடமுள்ள கெட்ட பழக்கம்.

"குலமண்ணை, தொண்ணூற்றிரண்டிலை எடுத்தனான் எண்டல்லோ சொன்னனீங்கள்?"

"அது... முதல் தரம் ரெஸ்ற்றுக்குப் போனது."

"அப்ப எத்தினை தரம் போனனீங்கள்?"

"இண்டைக்கு வெக்கை கூட, என்ன?" என்றார் குலசேகரம்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப பயணத்தை விடுவம்" என்று அறிவித்தார். தனக்கில்லாத ஸ்கொட்லாந்து ஒருவருக்கும் வேண்டாம்.

"ஏன் விடோணும்?" என்றாள் கீர்த்திகா. "ட்ரைவர் ஆன்ரிதானே. அவவின்ரை பேரிலைதான் புக்கிங். தொண்ணூற்றாறு லைசென்ஸ். பிரச்சினை இல்லை."

"இவவோ? இவ காருக்கே பயந்தவ!"

கமலேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆர், அம்பிகை அக்காவோ? கோயில் லொறி ஓடுறதே அவதானே அண்ணை. சனிக்கிழமை விடிய மார்க்கெட்டிலை இருந்து அன்னதானத்துக்கு மூடை மூடையாக் கொண்டு வாறது ஆரெண்டு நினைச்சியள்?"

குலசேகரம் மனைவியைப் பார்த்தார். "நீர் அங்கை இருந்து வெங்காயம் உரிக்கிறீர் எண்டல்லோ நான்... ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்கேல்லையே. வாசலிலை கால் வைக்க முதல், கோயில்லை இண்டைக்கு என்ன சாப்பாடு, கட்டிக்கொண்டு வந்தனீரோ எண்டுதானே கேட்பியள்."

கனகாம்பிகை சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். கண்ணாடிகளைச் சரிசெய்தாள். கல்யாண மண்டபம் இரண்டு கம்பங்களுக்கு நடுவால் ஒரே மூச்சில் பின்னால் வந்து திரும்பி நின்றது. கீர்த்திகா கைதட்டினாள்.

முன்சீட்டாவது மிஞ்சும் என்று குலசேகரம் ஓடினார். அங்கே கமலேஸ்வரி மடியில் தேத்தண்ணிப் போத்தலோடு பெல்ட் போட்டுவிட்டாள். "அண்ணை, இது வழி பாக்கிறவைக்கு."

ஆக, பின்னால். ஒரு பக்கம் பத்மநாதன், மறுபக்கம் ரொனி. எதிரே கூட்டுக்குள் பூனை. அது அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ரொனிக்கு அப்படி வேற்றுமை கிடையாது. புதுக் கையுறையில் எச்சில் வடித்தது.

நெடுஞ்சாலையில், வடக்கு என்று எழுதிய பெரிய நீலப் பலகை வந்தது.

"இஞ்சேரும், அந்த முடக்காலை திருப்பும்!" என்று கத்தினார் கப்டன்.

வண்டி திரும்பவில்லை. பலகை நிதானமாகப் பின்னால் போனது.

"பத்மநாதன் அண்ணை," என்றது முன்னாலிருந்து ஒரு குரல், "முடிவு ஆற்றை கையிலை எண்டு இவர் அண்டைக்குச் சொன்னவர்?"

"ஸ்ரேரிங் பிடிக்கிறவற்றை கையிலை, தங்கச்சி."

குலசேகரத்தின் போன் அடித்தது. வேலையிடத்து றொஜன். பாவம், நல்ல மனதோடுதான் கேட்டான்.

"கப்டன்! பயணம் எப்பிடி? இப்ப எங்கை போய்க்கொண்டிருக்கிறியள்?"

குலசேகரம் நாயின் தலையை மடியிலிருந்து மெல்ல நகர்த்தினார். போனைக் கையால் பொத்தினார். பிறகு கையை எடுத்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கொஞ்சம் பொறும் தம்பி. அவவைக் கேட்டுச் சொல்றன்."