ஸ்டெம்செல் சித்தரின் பத்தாம் நாள் ஈக்கள்

சாரல் விழுந்தால் கூட்டம் குற்றாலத்து அருவிக்குப் போகும். இந்த வருஷம் பாதிக் கூட்டம் வழியிலேயே இறங்கி, குத்துக்கல்வலசையில் ஒரு தகரக் கொட்டகைக்குள் நுழைந்தது. அருவியில் நின்றால் தலைதான் நனையும். கொட்டகையில் நின்றால் உடம்புக்குள் ஸ்டெம்செல்லே முளைக்குமாமே!

முளைக்க வைப்பவர் ஸ்டெம்செல் சித்தர். பெற்றவர்கள் வைத்த பெயர் மகாராஜா. மூன்று வருஷத்துக்கு முன்புவரை செங்கோட்டை பஸ்ஸில் தைலம் விற்றவர். ஒருநாள் செல்போனில், உடம்பைப் புதுப்பிக்கும் ஸ்டெம்செல் என்ற குருத்தணு பற்றிய வீடியோவைப் பாதி பார்த்தார். மீதியையும் பார்த்திருந்தால் தொழில் கெட்டிருக்கும். நல்லவேளை, டேட்டா தீர்ந்துவிட்டது.

வைத்தியம் எளிது. கண்ணாடி பாட்டிலுக்குள் ஒரு கனிந்த வாழைப்பழம். வாயில் மெல்லிய துணிக்கட்டு. சித்தர் அதன்மேல் மூன்று தடவை ஊதுவார். வீட்டில் வைத்திருந்து பத்தாம் நாள் கொண்டுவந்தால் செத்த பழத்திலிருந்து உயிர் பறக்கும். கண் சிவந்த குட்டி ஈக்கள்! பழத்தில் உயிர் வந்துவிட்டால் நோயாளிக்கும் ஸ்டெம்செல் வந்துவிட்டதாம். உடனே மாத்திரை, ஊசி எல்லாவற்றையும் வாசலில் இருக்கும் தொட்டியில் போட்டுவிட வேண்டும். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்ற பேதமே அங்கே இல்லை. ஏமாறுவதில் இருக்கிற ஒற்றுமை வேறு எதிலாவது இருந்தால் நாடு எப்போதோ உருப்பட்டிருக்கும்.

சங்கரநாராயணனும் வரிசையில் நின்று டோக்கன் வாங்கி ஒரு பாட்டிலுக்குப் பதிந்துவைத்தார். பாவூர்சத்திரத்தில் முப்பது வருஷமாக வாழைப்பழ மண்டி வைத்திருப்பவர். சர்க்கரையால் இடது காலில் ஒரு விரலை எடுத்தாயிற்று. பக்கத்து விரலில் புண். மிச்சக் காலைக் காப்பாற்றி வைத்திருப்பது தினமும் போடும் இன்சுலின்தான். அதைத்தான் அவர் பத்தாம் நாள் தொட்டியில் போடுவதாக இருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சித்தருக்குப் பழம் போவதே அவர் மண்டியிலிருந்துதான். மண்டி மூலையில் தோல் வெடித்துக் கிடக்கும் கதலியை மொய்க்கிற ஈயைத் தினமும் துண்டால் விரட்டுவார். அதே ஈயைக் கொட்டகையில் பாட்டிலுக்குள் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

மனைவி தங்கபுஷ்பம் பயந்துபோய் நாத்தனாருக்குப் போன் போட்டாள். தங்கை பொன்செல்வி பெங்களூரில் மூலக்கூறு உயிரியல் விஞ்ஞானி. பழ ஈயின் குடலுக்குள் ஸ்டெம்செல் எப்படிப் புண்ணை ஆற்றுகிறது, அதை எந்த மரபணு ஏவுகிறது என்று பன்னிரண்டு வருஷமாக ஆராய்கிறவள். வந்து வாயைத் திறந்ததுமே அண்ணன் அடக்கிவிட்டார்.

"ஏட்டி, நீ ஈயைப் பிடிச்சு அறுக்கவ. சாமி ஈயைப் படைக்காரு. ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லதான். ஆனா அண்ணே, பத்து நாளும் ஊசியை விடக்கூடாது."

"பத்தாம் நாள்தான் நிறுத்தணும்னு சாமியே சொல்லியிருக்காரு."

"சரி. மதினிக்கு மூட்டுவலின்னு இன்னொரு பாட்டிலும் ஊதி வாங்கிட்டு வாங்க. பழம் மட்டும் நான் தாரேன்."

மண்டியில் அன்று இறங்கிய பச்சைத் தாரில் ஒரு சீப்பை வெட்டி, கழுவி, கொசுவலைத் துணியில் சுற்றி பீரோவுக்குள் பூட்டினாள் பொன்செல்வி. ஐந்து நாளில் அது அங்கேயே கனிந்தது. ஓர் ஈயும் அதன் முகத்தில் விழிக்கவில்லை. "பழத்துக்கு எதுக்குட்டி முக்காடு?" என்று சிரித்துக்கொண்டே சங்கரநாராயணன், அந்தப் பழம் போட்ட பாட்டிலையும் மண்டி மூலைக் கதலி போட்ட தன் பாட்டிலையும் கொண்டுபோய் ஊதி வாங்கிவந்தார். அன்றே மண்டி மூலையிலிருந்து ஒரு பழத்தை மூன்றாவது பாட்டிலில் போட்டு, அவரையே துணியைக் கட்டச் சொன்னாள். அதை யாரும் ஊதவில்லை. மண்டிக்கு டெம்போ ஓட்டும் யாக்கூப் அதை மண்டிக் கக்கூஸ் மாடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

நாலாம் நாள் அண்ணன் பாட்டிலில் புழு நெளிந்தது. மண்டியில் புழு வைத்த பழத்தைத் தூக்கி எறிகிறவர், "உயிர் துளிர்க்கு!" என்று கும்பிட்டார்.

பத்தாம் நாள் கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. சித்தர் சங்கரநாராயணனின் பாட்டிலை உயர்த்திக் காட்டினார். உள்ளே ஈக்கள் குபுகுபுவென்று பறந்தன.

"பாருங்க! கண்ணு சிவப்பு! முருகன் அருள்!"

"அரோகரா!" என்றது ஒரு பக்கம். "ஸ்தோத்திரம்!" என்றார் மறுபக்கம் பாட்டிலோடு நின்ற பென்னி வாத்தியார். சங்கரநாராயணன் கண் கலங்க இன்சுலின் பெட்டியைத் தொட்டிக்கு மேலே நீட்டினார்.

"ஒரு நிமிஷம்ண்ணே." பொன்செல்வி இரண்டாவது பாட்டிலை எல்லோருக்கும் தெரியத் தூக்கினாள். "இதுவும் சாமி ஊதினதுதான். ஈயும் இல்ல, புழுவும் இல்ல. ஏன்?"

சித்தர் அசரவில்லை. "உனக்கு நம்பிக்கை இல்லம்மா."

"ஊதினது நீங்க, ஏந்தினது எங்க அண்ணன். உங்க ரெண்டு பேருக்குமா நம்பிக்கை இல்ல?"

அதற்குள் யாக்கூப் மூன்றாவது பாட்டிலோடு வந்துவிட்டார். அதிலும் ஈ குபுகுபுவென்று இருந்தது. "இது யாரும் ஊதாதது. மண்டிக் கக்கூஸ்ல இருந்துச்சு" என்றார்.

கொட்டகை சிரித்தது. சித்தர் அந்தப் பாட்டிலையும் வாங்கிப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார். "பாத்தீங்களா! என் மூச்சு பாவூர்சத்திரம் வரைக்கும் போயிருக்கு!"

பாதிக் கூட்டம் மறுபடி கும்பிட்டது. கும்பிட்டுப் பழகிய கை, சும்மா இருக்குமா?

"பாவூர்சத்திரம் வரைக்கும் போன மூச்சு, மூக்குக்குக் கீழ இருந்த பாட்டிலுக்குள்ள போகலியே?" என்றாள் பொன்செல்வி. "கண்ணு ஏன் சிவப்பு தெரியுமா? அதோட அப்பன் ஆத்தா கண்ணு சிவப்பு. எங்க லேப்ல வெள்ளைக்கண்ணு ஈ இருக்கு. ஜோடி ரெண்டும் வெள்ளைன்னா பிள்ளைக்கும் வெள்ளைதான். ஈக்கும் பரம்பரை உண்டு. ஆத்தா ஈ பழத்துல முட்டை வச்சா, பறக்கப் பத்து நாளாகும். ஊதினாலும் ஆகும், ஊதாட்டாலும் ஆகும். ரெண்டாவது பழத்தை ஈ அண்டாமப் பூட்டி வச்சேன், அதான் ஒண்ணும் பறக்கல. ஸ்டெம்செல்லைப் பத்தி எனக்கே இன்னும் பாதிதான் தெரியும். இவருக்கு முழுசும் தெரிஞ்சுபோச்சாம்!"

சித்தர் சுற்றிலும் பார்த்தார். பழி போட ஆள் தேடியவர், தவறான ஆளைப் பிடித்துக்கொண்டார். "இந்த மண்டிக்காரன் கெட்ட பழத்தைக் குடுத்துட்டான்!"

சங்கரநாராயணன் தொட்டிக்கு மேலே நீட்டியிருந்த கையைப் பின்னுக்கு இழுத்தார். முப்பது வருஷத்தில் அவர் பழத்தை யாரும் குறை சொன்னதில்லை.

"என்னவே சொன்னீரு? கெட்ட பழமாக் கேட்டது யாரு? நல்ல பழம் அனுப்பினா திருப்பி அனுப்பினது யாரு? 'தோல் வெடிச்சதா, ஈ மொய்ச்சதாப் பாத்துக் குடும்'னு ஆள் விட்டுச் சொன்னது நீருதானவே!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவருக்கே கேட்டது. நல்ல பழம் ஏன் திரும்பி வந்தது என்று இத்தனை நாளில் ஒருதடவைகூட யோசிக்காததை நினைத்து வெட்கப்பட்டார். அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, சட்டையைத் தூக்கி, வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டார்.

சித்தர் பின்பக்கத் தகரத்தை நெம்பிக்கொண்டு ஓடியபோது துரத்த ஆளில்லை. எல்லோரும் தொட்டிக்குள் தலையை விட்டு அவரவர் மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நெரிசலில் ஞானபாக்கியம் என்ற ஒரு பெண் பொன்செல்வியின் காலைப் பிடித்துக்கொண்டாள். "தாயி, அவன் போய்த் தொலையட்டும். நீங்க ஊதுங்க!"

பொன்செல்வி பதறி விலகினாள். "எந்திரிங்கக்கா! நேத்து அவரு சொன்னதைக் கேட்டீங்க, இன்னைக்கு நான் சொல்லுததைக் கேக்கீங்க. வீட்டுல மூடிக் கனிய வச்ச பழம் ஒண்ணு, ஈ மொய்ச்ச பழம் ஒண்ணுன்னு ரெண்டு பாட்டில் வச்சு நீங்களே பாருங்க. நான் சொன்னதும் பொய்யான்னு பாருங்க!"

ஞானபாக்கியத்துக்கு அதில் திருப்தியில்லை. அடுத்து எந்த ஊரில் யார் ஊதுகிறார் என்று பக்கத்தில் விசாரிக்கத் தொடங்கினாள்.

பழ ஈயின் மூளை கசகசா அளவுகூட இல்லை. ஆனாலும் முட்டை வைக்கும் முன் அது பழத்தில் உட்கார்ந்து, காலால் தடவி, ருசி பார்த்துத்தான் முடிவெடுக்கும். எதையும் சோதிக்காமல் அப்படியே விழுங்குகிற உயிர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்; அது டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கும்.