எட்டுக் குழாய்களும் என் கறுத்த விரல்களும்

நான் செய்தது தப்பு என்று ஒப்புக்கொள்ள எனக்கு எப்போதும் ஒரு முழு நாள் தேவைப்படும். அந்த ஒரு நாளுக்குள் திருவண்ணாமலையில் பாதி ஊரைத் தண்ணீர் குடிக்கவிடாமல் செய்தவள் நான்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் வம்சத்திலேயே கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், வேதியியல் பட்டம். (பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆளும் நான்தான். அப்பா அதற்குள் ஒருமுறை போயிருக்கிறார், கூரை வேய.) குடிநீர் பரிசோதிக்கும் அலுவலகம் ஒன்றில் ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. தங்கை மல்லிகா அப்போது பள்ளி இறுதியாண்டில் இருந்தாள். அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்:

"நீ இந்த வேலைல நெலச்சா அவளயும் காலேஜுக்கு அனுப்புறேன். திட்டு வாங்கினு திரும்பி வந்தியா, அவளுக்கு மாப்ள ரெடியா கீறான்."

முதல் வேலை, எட்டுத் தெருக்குழாய்களின் தண்ணீரில் குளோரைடு, அதாவது உப்பின் அளவு, பார்ப்பது. அது ஏறியிருந்தால் சாக்கடை கலந்திருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும். குழாயில் விடியற்காலை மட்டும்தான் தண்ணீர் வரும். அதனால் பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில்களை முதல் நாளே வேங்கிக்காலில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா அவற்றைச் சாமி பாத்திரம்போலக் கழுவி, காயவைத்து, மூடி, பையில் அடுக்கித் தந்தாள்.

விதிப்படி, பிடிக்கப்போகும் தண்ணீராலேயே பாட்டிலை மூன்று முறை அலச வேண்டும். முதல் குழாயில் அலசப் போனேன். வரிசையில் நின்ற பூக்கார வள்ளியக்கா இடுப்புக் குடத்தை இறக்கினாள்.

"இன்னாம்மா, தண்ணி நூலாட்டம் வருது, நீ கழுவிக் கழுவி கீழ ஊத்தப் போறியா?"

"இது கவர்மெண்ட் டெஸ்ட்டுக்கா."

"எங்க ஊட்ல சோறே வேவல. அத டெஸ்ட் பண்ணு!"

வரிசையே சிரித்தது. அம்மா கழுவியதற்கு மேல் என்ன அலசல் என்று, பெரிய மனது பண்ணி, எட்டுக் குழாயிலும் நேராகவே பிடித்தேன்.

ஆய்வுக்கூடத்தில் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். லேசாக மங்கினால் பயமில்லை. ஆனால் எட்டுத் தண்ணீரும் தயிராகத் திரிந்தன. எட்டும் ஒரே மாதிரி கெட்டிருக்குமா என்று கொஞ்சம் அறிவுள்ளவள் யோசித்திருப்பாள். நான் பட்டதாரி, யோசிக்கவில்லை.

எங்கள் அலுவலகப் பொறியாளர், பானையில் பிடித்து வைத்திருந்த அதே குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தார். "உப்பு கரிக்கலியேம்மா?"

"நாக்க நம்பாதீங்க சார், கெமிஸ்ட்ரிய நம்புங்க."

மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார். நான் காத்திருப்பேனா? மாலையில் நேராக வள்ளியக்கா தெருவுக்குப் போய், "இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க!" என்று கையை உயர்த்திச் சொன்னேன்.

அந்தக் கைதான் வினை. வெள்ளி நைட்ரேட் பட்ட தோல் வெயிலில் கறுத்துவிடும். என் மூன்று விரல்கள் கரிக்கட்டையாக இருந்தன. (சிந்தாமல் ஊற்றச் சொன்ன உதவியாளரிடம், "எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டவள் நான்.)

"தண்ணியத் தொட்டதுக்கே வெரல் வெந்துபோச்சுடி!" என்று அலறினாள் வள்ளியக்கா.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி மாடவீதியைச் சுற்றி வந்துவிட்டது. மறுநாள் காலை அலுவலக வாசலில் காலிக் குடங்களின் மாநாடு. பொறியாளர் வியர்த்தபடி, "நீயே செஞ்சு காட்டும்மா" என்றார். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரில் சொட்டு விட்டேன். வெள்ளை வெளேரென்று திரிந்தது. "ஐயையோ!" என்றது கூட்டம். நான் ஜெயித்தவள்போல நிமிர்ந்து நின்றேன்.

அப்போதுதான், நான் மறந்துவிட்டு வந்த சோற்றுத் தூக்கோடு அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அதெப்டிக் கெட்டுப்போவும்? ஒவ்வொரு பாட்டில்லயும் ஒரு கல்லு உப்பு போட்டுத்தான மூடினேன்! மொத வேல, எம்பொண்ணுக்குக் கண்ணு பட்டுடக் கூடாதுன்னு!"

பொறியாளர் மெல்லச் சொன்னார்: "டெஸ்ட் கரெக்டாத்தாம்மா வேல செய்யுது. உப்பக் கண்டுபுடிச்சிருக்கே."

அன்று அவர்கள் சிரித்த சிரிப்பு மலைக்கே கேட்டிருக்கும். எனக்கு மல்லிகாவின் முகம்தான் கண்ணில் நின்றது.

"நீ வீட்டுக்குப் போம்மா, அப்புறம் பாக்கலாம்" என்றார் பொறியாளர்.

"போக மாட்டேன் சார். தப்பு என்னுது, எங்கம்மாவுது இல்ல. அலசாம புடிச்சது நானு. எட்டுக் குழாயும் நாளைக்கு நானே பாத்து எழுதிக் குடுக்கறேன். அதுக்கப்புறம் அனுப்புங்க."

மறுநாள் விடியலில் அதே வரிசை. பாட்டிலை அலசி ஊற்றினேன். ஒன்று. இரண்டு. முணுமுணுப்பு கிளம்பியது. வள்ளியக்கா திரும்பினாள்.

"சும்மா இருங்கடி. மூணு தரம் ஊத்தட்டும். இன்னொரு நாளு தண்ணியில்லாம எவ கெடக்கறது?"

எட்டும் நல்ல தண்ணீர். (ஒன்றாவது கெட்டிருக்கக் கூடாதா என்று உள்ளுக்குள் ஏங்கினேன். பொய் சொல்வானேன்.) தண்ணீர் கெட்டது என்று நான் எழுதியிருந்த முதல் அறிக்கையைக் கிழித்துவிடலாம் என்றார் பொறியாளர். மறுத்துவிட்டேன். அதன் கீழேயே, 'பாட்டிலை அலசாதது என் தவறு' என்று எழுதி, கறுத்த விரல்களால் கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துடு. பாட்டில் மட்டும் இங்கயே இருக்கட்டும்."

ஆறு மாத வேலை பல வருட வேலையானது. மல்லிகா கல்லூரிக்குப் போனாள், அவளும் வேதியியல்தான். வீட்டில் குழம்பு கொதிக்கும்போதெல்லாம், "உப்பு ஜாஸ்தியா கம்மியானு அக்காகிட்ட காட்டு, ஊரக் கூட்டிச் சொல்லும்" என்பாள். அம்மா மட்டும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. "நான் போட்ட உப்பாலதான் அவ வேல நெலச்சுது" என்கிறாள். அதைப் பொய் என்று காட்ட என்னிடம் ஒரு பரிசோதனையும் இல்லை.

ஆனால் பாட்டிலை மூன்று முறை அலசித்தான் பிடிக்கிறேன். வரிசையில் யார் நின்றாலும் சரி.